பாலமுனை வளவுக்கு வந்த பட்டப்பெயர்

நான் முதன்முதலில் அறுகம்பைக்குப் போனது, ஒருவர் சொன்ன கதை பொய்யா என்று பார்க்கத்தான். எழுபதுகளின் கடைசி அது. வெள்ளைக்காரர் பலகையோடு வந்து அலையில் சறுக்கும் செய்தி கல்முனைச் சந்தை வரை வந்துவிட்ட காலம். ஒருநாள் கொழும்பிலிருந்து காரில் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பாலமுனைக் கடற்கரையில் என் ராத்தாவின், அதாவது அக்காவின், சீதனத் தென்னந்தோட்டம் இருக்கிறது. அங்கே ஹோட்டல் கட்ட வேண்டுமாம்.

அவரைக் கண்ட நிமிடமே எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னவரின் சப்பாத்தில் ஒரு பொட்டு மணல் இல்லை. பளபளக்கும் படத்தாள்களை மேசையில் விரித்தார். ஸ்பெயினில் சூரியக் கரை, பிரான்சில் நீலக் கரை, அவுஸ்திரேலியாவில் தங்கக் கரை. எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிக் குடை, ஒரே மாதிரிச் சாய்கதிரை. ஒன்றிலாவது வலையோ தோணியோ கிடையாது. "அந்த ஊர்ச் சனம் எங்க சேர்?" என்று கேட்டேன். சிரித்தபடி அடுத்த தாளை விரித்தார். எங்கள் கரைக்கும் பெயர் தயாராம்: உதயக் கரை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒரே பெயர்! பாண்டிருப்பாரும் பாலமுனையாரும் இதற்கு எப்போது சம்மதித்தார்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

மச்சான், அதாவது ராத்தாவின் புருஷன், மயங்கிப் போனார். அக்கரைப்பற்றுக்கு ஊரார் நெல்லை வாடகை லொறியில் ஏற்றி ஏற்றி அலுத்த மனிதர். காணி விற்றால் சொந்த லொறி. திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது:

"உல்லையில இப்பிடி ஒண்டு கட்டின எண்டுதானே சொல்றார்? அதப் பாத்திட்டு வந்து மறுகா கதைப்பம்."

உல்லை என்பது அறுகம்பைக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர். அடுத்த கிழமையே மூவரும் புறப்பட்டோம். கல்முனையிலிருந்து காலை ஆறு மணி பஸ், பொத்துவில் வரை நாற்பது மைல் சொச்சம். கொண்டக்டர் மிச்சக் காசைப் பிறகு தருவதாகச் சொன்னார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கரைப்பற்றில் தந்துவிட்டார், சும்மா சொல்லக்கூடாது. திருக்கோவில் தாண்டியதும் கடைகள் குறைந்தன. கோமாரிப் பக்கம் இருபுறமும் காடு. பொத்துவிலில் இறங்கி, பாலம் கடந்து உல்லைக்கு இரண்டு மைல் நடை.

கடல் அழகுதான். சந்தேகக்காரன் என்றாலும் அதை ஒத்துக்கொள்கிறேன். வளைந்த குடா, தூரத்தில் பலகைமேல் எழும்பி விழும் வெள்ளைக்காரப் பொடியன்கள். கொழும்புக்காரர் சொன்ன விடுதியும் இருந்தது, ஓலைக் கூரை போட்டு. சுற்றிவர முள்ளுக்கம்பி வேலி, கடல் ஈரம் வரைக்கும். தோணிகளை வேலிக்கு அப்பால் ஒதுக்கி இழுத்து வைத்திருந்தார்கள். மச்சான் அறைகளை எண்ணிக்கொண்டு முன்பக்கம் நின்றார். ராத்தா பின்பக்கம் கிணற்றடிக்குப் போனார், நானும் கூடப் போனேன்.

அங்கே முக்காடு போட்ட ஒரு பெண் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். ராத்தா தண்ணீர் கேட்டார். வாளியில் அள்ளிக் கொடுத்தார்.

"நல்ல தண்ணி. ஆர்ட கிணறு?"

"எங்கட வாப்பா வெட்டினது புள்ள. இது என்ட சீதன வளவுதான்."

"இப்ப?"

"வித்தாச்சி. எங்கட அவர்தான் எல்லாம் கதைச்ச. நான் கையெழுத்து மட்டும் வெச்ச." விரிப்பை முறுக்கிப் பிழிந்தார். "சம்பளம் ஒழுங்காத் தாறாங்க. அதுல குற சொல்லேலா."

"பொம்புளப் புள்ளைகள் இரிக்கா?"

"ரெண்டு." அடுத்த விரிப்பை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். எங்கள் பக்கத்தில் வளவு எனும் வீட்டுக்காணியும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வளவில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் தெற்கே போகும் பஸ்ஸில் வலப்பக்கம் இருங்கள், வெயில் குறைவு. கடல் பார்க்க ஆசையென்றால் இடப்பக்கம் இருந்து வேகுங்கள். திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை ஒருவரிடம் கேட்டு நம்பாதீர்கள், மூவரிடம் கேளுங்கள். அழகான பட்டப்பெயர் வைத்த கரைக்கெல்லாம் தாராளமாகப் போங்கள், குளியுங்கள். ஆனால் அந்தப் பெயரை வைத்தது யார் என்று ஒருதரம் விசாரியுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கொழும்புக்காரர் கடதாசிகளோடு வந்துவிட்டார். மச்சானுக்கு மேல்நாட்டு பிஸ்கட் டின், எனக்கு ஒரு பேனா. ராத்தாவுக்கு ஒன்றுமில்லை. விலை, எல்லை, கிணறு எல்லாம் மச்சானிடம் பேசி முடித்தார். கடைசியில், திரைப்பக்கம் திரும்பாமலேயே, "மிஸிஸ் ஒரு கையெழுத்துப் போட்டால் சரி," என்றார்.

ராத்தா திரையை விலக்கி வெளியே வந்தார். ஆம்பிளைகள் இருக்கும் முன்னறைக்கு அவர் அப்படி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"காணி எனக்கில்ல. என்ட மகளுக்கு."

"காணி உறுதிப் பத்திரத்தில உங்கட பேர்தானே இருக்கு?"

"ஓம். அவ பெரிசாகும் மட்டும் நான் பாத்துக்கொள்ற."

"மகளுக்கு எத்தனை வயது?"

"ஏழு."

கொழும்புக்காரர் சிரித்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் பிஸ்கட் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. வாய்வரை வந்து நழுவிய லொறி அது.

"அப்போ நான் எப்ப வாறது?" என்றார் கொழும்புக்காரர், சிரித்துக்கொண்டே பகிடியாக.

ராத்தா பகிடி விடவில்லை. "அவ கலியாணம் முடிச்சி, அவக்குப் பொம்புளப் புள்ள பொறக்காட்டி வாங்க," என்றார். "பொறந்தா வராதீங்க."