பெட்டிக்கு ரோகிணி நட்சத்திரம்

மார்ச் 12, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வழக்கம்போல் வெந்நீரில் முகம் கழுவி, ஷேவ் செய்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, 5.30 வானொலிச் செய்தி கேட்டேன். அலுவலக மேசைச் சாவியை மட்டும் எடுக்கவில்லை. இன்று லீவு.

6.15க்கு செல்வராஜின் லொறி நோர்வூட் சந்தியில் வந்து நின்றது. எங்கள் தொழிற்சாலைத் தேயிலையைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்பவர் அவர். பதினொரு வருடம் பிறருடைய லொறி ஓட்டிவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன் சொந்தமாக ஒன்று வாங்கினார். அதில் போன வியாழக்கிழமை ஒரு கருவியைப் பூட்டியிருக்கிறார். சவர்க்காரக் கட்டி அளவு. எத்தனை மணிக்கு வண்டி புறப்பட்டது, எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் ஓடியது, எங்கே நின்றது என்று அதுவே பதிந்துகொள்ளும். சாரதிகள் அதைப் ‘பெட்டி’ என்கிறார்கள். பெட்டியை நுவரெலியாவில் உள்ள அரசாங்க அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத லொறிக்கு வெள்ளிக்கிழமை முதல் தேயிலை ஏற்றக் கூடாது என்று தொழிற்சாலைக்குக் கடிதம் வந்துவிட்டது. நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. இன்று முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை லோட் இன்னொருவருக்குப் போகும். கைவிட்டுப் போன லோட் திரும்பி வருவது அபூர்வம். படிவம் சிங்களத்தில் இருந்தது. செல்வராஜ் சிங்களம் பேசுவார், எழுத வராது. அதனால்தான் நானும் போனேன்.

6.50, ஹட்டன். 7.40, தலவாக்கலை. பிளேன்டீ இரண்டு, உளுந்து வடை நான்கு: 380 ரூபாய். நீர்த்தேக்கத்தின் மேல் பனி இன்னும் விலகவில்லை. லிந்துலை தாண்டும்போது கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். நானுஓயாவுக்குப் பிறகு ஏற்றம். லொறி இரண்டாம் கியரில் முனகியது.

“பெட்டி இதையும் எழுதுமாங்க ஐயா?” என்றார் செல்வராஜ்.

“எதை?”

“நான் கியர் மாத்தாம இழுக்கிறத.”

“நேரத்தையும் ஓட்டத்தையும்தான் எழுதும்.”

“அப்ப சரி. வண்டியில ஒரு ஆளு எழுதுறது போதும்” என்று என் மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

9.10க்கு நுவரெலியா. நோர்வூட்டிலிருந்து லொறி மீட்டரின்படி 61 கிலோமீட்டர். அலுவலக வளவில் ஏற்கெனவே பதின்மூன்று லொறிகள் நின்றன. எங்களுக்குப் பதினான்காம் இலக்கம். முன்னால் நின்றது ராகலையிலிருந்து வந்த மரக்கறி லொறி. அதன் சாரதி கணேசன் பேச்சில் ஓயாத மனிதர்.

11.20க்கு ஒரு பெண் அலுவலர் படிவத்துடன் வந்து லொறிக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். இலக்கம் அச்சிட்டு ஒட்டிய தாளே தெரியவில்லை.

“இலக்கம் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

புதிதாக எது பூட்டினாலும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். டயருக்கும் பெட்டரிக்கும் செய்வதைச் செல்வராஜ் இதற்கும் செய்திருக்கிறார். ஈரத்துணியால் துடைத்தார். ஆறு நாள் சந்தனத்தில் ஊறிய தாள், துணியோடு சேர்ந்து சுருண்டு வந்துவிட்டது. முதல் மூன்று எழுத்துகள் மட்டும் மிஞ்சின.

“மிஷினுக்கு நேத்திக்கடனா, அண்ணே? மொட்டையும் போட்டுட்டீங்க!” என்றார் கணேசன்.

செல்வராஜ் சிரிக்கவில்லை. அவருடைய கை துணியை விடவில்லை.

கருவியை விற்ற கடையின் பில்லில் லொறி இலக்கம் மட்டும் இருந்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். நான்கு முறையும் பதில் இல்லை. கருவியின் இலக்கத்தைக் கொடுத்தால்தான் கணினியில் பதிவு திறக்கும் என்று அலுவலர் பொறுமையாகச் சொன்னார். கவுண்டர் மூன்று மணிக்கு மூடும். நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். வடையின் விலை இருந்தது, மீட்டர் அளவு இருந்தது. இலக்கம் இல்லை. காலையில் பெட்டியை நானும்தான் பார்த்தேன். சந்தனம் பூசியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

12.05க்கு செல்வராஜ் படியில் உட்கார்ந்து, “இனி மத்தவன் லொறிதாங்க ஐயா” என்றார்.

கணேசன் இப்போது கேலி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அர்ச்சனையும் செஞ்சீங்களாண்ணே? யாரு பேருக்கு?” என்று கேட்டார்.

“பெட்டிக்குத்தான். பெட்டிக்கு ஏது பேரு? சீட்டு எழுதுறவரு கேட்டாரு, நான் அதுல இருந்த நம்பர...”

வாக்கியத்தை முடிக்காமல் லொறிக்கு ஓடினார். சாரதி இருக்கைக்கு மேலே செருகியிருந்த சிறு பொட்டலத்தை எடுத்து வந்தார். அர்ச்சனைச் சீட்டில் விபூதியை மடித்து வைத்திருந்தார். விபூதியை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டுச் சீட்டை விரித்தோம். பெயர் என்ற இடத்தில், மூன்று எழுத்தும் ஒன்பது எண்ணும்.

“நட்சத்திரம் ரோகிணின்னு இருக்கே!” என்றார் கணேசன்.

“பூட்டுன நாளு ரோகிணியாம். அவரே பார்த்துப் போட்டாரு.”

“நல்ல நட்சத்திரம். கலியாணம் பேசலாம்.”

இந்த முறை செல்வராஜும் சிரித்தார்.

அலுவலரிடம் விளக்கினேன். அவர் சீட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, எண்ணைக் கணினியில் அடித்தார். செல்வராஜின் லொறி இலக்கம் திரையில் வந்தது. கிழிந்த தாளில் மிஞ்சிய மூன்று எழுத்துகளையும் ஒப்பிட்டார். பிறகு, கோப்புக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். எதிர்க் கடையில் போட்டோகொப்பி: 20 ரூபாய். 1.35க்குப் பதிவு ஸ்டிக்கரை முன்கண்ணாடியில் ஒட்டினார்கள்.

“கோயில் சீட்டு கவர்மென்ட் பைலுக்குள்ள போயிருச்சுங்க ஐயா” என்றார் செல்வராஜ், நானுஓயா இறக்கத்தில். அதையே ஹட்டன் வரை மூன்று தரம் சொன்னார்.

நுவரெலியா அலுவலகத்தில் ஒரு பொருளுக்கு இலக்கம்தான் பெயர். எங்கள் பக்கத்தில் பெயரும் நட்சத்திரமும் இல்லாமல் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. இரண்டும் ஒரே சீட்டில் இருந்ததால் பிழைத்தோம். மாலை 5.10க்கு நோர்வூட்.

மார்ச் 13, வியாழக்கிழமை, போயா. 4.50க்கு எழுந்து, முகம் கழுவுமுன் டோர்ச்சோடும் நோட்டுப் புத்தகத்தோடும் சந்தியில் நிறுத்தியிருந்த லொறிக்குப் போனேன், இலக்கத்தைச் சீட்டிலிருந்து எழுதிக்கொள்ள. செல்வராஜ் எனக்கு முன்பே சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

“எங்கங்க ஐயா வைக்கலாம்?” என்று கேட்டார்.

பெட்டியைச் சுற்றி வெளிச்சம் அடித்துப் பார்த்து, எழுத்து எதுவும் இல்லாத இடது ஓரத்தைக் காட்டினேன்.