பட்ஜ் குத்திக்கொண்டு கடலுக்குப் போகும் ஊர்

நான் இதுவரை போகாத ஊர்களுள் எனக்கு மிக நன்றாகத் தெரிந்தது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சிறிய ஊர். ரயிலை விட்டு இறங்கினால் இடப்பக்கம் நூல்நிலையம், வலப்பக்கம் தீயணைப்பு நிலையம். நேரே நடந்தால் கடல். கடலோரம் முழுக்க மரப்பலகை பரப்பிய நடைபாதை. ஊரின் நடுவே உயரமான தண்ணீர்த் தாங்கி. பெருநகரத்தில் வேலை பார்ப்பவர்கள் காலையில் ரயிலேறி மாலையில் திரும்புவார்கள். அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் எவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ‘டவுன்ஷிப்’ என்றே சொன்னோம், உலகத்தில் டவுன்ஷிப் அது ஒன்றுதான் என்பதுபோல.

இதெல்லாம் நடந்தது எந்த ஆண்டு என்று நான் குறித்துவைக்கவில்லை. ஆனால் பிடித்துவிடலாம். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். போரினால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடியிருந்தது; சித்தி கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்தார். ஆகவே தொண்ணூறுகளின் பிற்பகுதி. மாதம் மேயோ ஜூனோ. கடல் குமுறிக்கொண்டிருந்தது, அதன் உப்பு ரயில்பாதையைத் தாண்டி வந்து எங்கள் யன்னல் கம்பிகளில் படிந்தது. அம்மா ஈரத்துணியால் துடைப்பார், மறுநாள் திரும்பவும் படியும்.

சித்தி அம்மாவின் தங்கை. டவுன்ஷிப்பில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்கு அவரைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்தான். சின்ன வயதிலேயே போய்விட்டவர். விசா நேர்முகத்துக்குத் தூதரகத்தில் நாள் கொடுத்திருந்தார்கள். விசா கிடைத்தால் விமானம். கிடைக்காவிட்டால் திரும்பவும் கப்பல், யாழ்ப்பாணம், எப்போது எதுவென்று தெரியாத வாழ்க்கை. வடக்கிலிருந்து வரும் தமிழர்கள் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு வேண்டும். சித்தியின் பதிவுத் துண்டில் ‘வெளிநாடு செல்வதற்காக’ என்று காரணம் எழுதியிருந்தது. அதன் தவணை முடிய முடிய அப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போவார். ஒவ்வொரு முறையும் தவணை சுருங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும், குளித்துச் சாப்பிட்டு முடிந்ததும், அப்பா பேப்பரைச் சுருட்டி, சோதனைச்சாவடிச் சிப்பாயின் துவக்குப்போல் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். “கொஹெத இன்னே?” என்று சிங்களத்தில் கேட்பார். எங்கே தங்கியிருக்கிறாய்? வந்தவர் தெருவின் பெயர், வீட்டு இலக்கம், வீட்டுச் சொந்தக்காரரின் பெயர், வந்த காரணம் நான்கையும் நிறுத்தாமல் சிங்களத்தில் சொல்லவேண்டும். சோதனைச்சாவடியில் யோசித்துப் பதில் சொன்னால் பொய் சொல்வதாக நினைப்பார்கள் என்பது அப்பாவின் கொள்கை. சித்தி இந்தப் பரீட்சையில் வந்த அன்றே பாஸ்.

ஆகவே தூதரகத்தையும் நாங்கள் இன்னொரு சோதனைச்சாவடியாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு அக்காவுக்கு விசா மறுக்கப்பட்டிருந்தது. அவர் வந்து எச்சரித்தார்:

“மாப்பிள்ளையைப் பற்றிக் கேப்பாங்கள் எண்டு பாடமாக்கிக்கொண்டு போனன். தூதரகத்துக்காரன் கேட்டது ஊரைப் பற்றி. நான் முழிச்சன். அவ்வளவுதான்.”

அன்றே மாப்பிள்ளைக்குத் தகவல் போனது. அவர் அனுப்பியது, புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஊர் நிர்வாகம் கொடுக்கும் ஒரு வழவழப்பான சிறு புத்தகம். ஊரின் வரலாறு, படம், சட்டதிட்டம் எல்லாம் அதில் இருந்தன. வங்கியில் வேலை செய்த அப்பா மாலையில் வந்ததும் அதை வாசித்துத் தமிழில் சொல்வார். அம்மா தேங்காய் துருவியபடி கேட்பார். கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுக்கும் வேலை என்னுடையது. புலமைப்பரிசில் பரீட்சையை விட அது எனக்குப் பிடித்திருந்தது.

கடற்கரைப் பக்கம் வந்தபோது அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“கோடை காலத்தில கடற்கரைக்குப் போறவை பட்ஜ் குத்திக்கொண்டு போகோணுமாம். செக் பண்ணுறவை கேட்டாக் காட்டோணுமாம்.”

அம்மாவின் கை தேங்காயில் நின்றது. “கடலுக்குப் போறதுக்கும் பாஸோ? ஆர் குடுக்கிறது, ஆமியோ?”

“இல்லையப்பா. முனிசிப்பாலிட்டி.”

“அப்ப செக் பண்ணுறது?”

அப்பா பக்கத்தைப் புரட்டினார். “லீவில நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையளாம்.”

“பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏன் செக்பொயின்றில விடுறாங்கள்?” என்றார் அம்மா. அதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கவில்லை.

சூறாவளி பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. கடல் பெருகினால் சனங்கள் எந்த வீதியால் வெளியேற வேண்டும் என்று காட்டுவதற்கு ஊர் முழுக்க அம்புக்குறிப் பலகைகள் நட்டிருக்கிறார்களாம்.

“இடம்பெயருறதுக்கு முதலே பாதை போட்டு வைச்சிருக்கிறாங்களோ?” என்று சித்தி கேட்டார். “எங்களுக்கு ஒருத்தரும் அம்புக்குறி போடேல்லை. முன்னால போற சனத்தின்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நடந்தனாங்கள்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு அந்த ஊர் நாளுக்கு நாள் வெள்ளவத்தையின் தம்பிபோலத் தோன்றத் தொடங்கியது. அங்கும் கடல், அங்கும் ரயில், அங்கும் நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் ஆட்கள். ஒரேயொரு பெரிய வித்தியாசம், எங்கள் சூரியன் கடலுக்குள் இறங்கும், அவர்களுடையது கடலிலிருந்து ஏறும். ரயில்பாதையோரத்துக் காவலரணையும் வெள்ளவத்தைக் கால்வாயையும் அங்கே எங்கே வைப்பது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

புத்தகத்தில் குறை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். நாய்க்கு அனுமதிப்பத்திரம் எங்கே எடுப்பது என்று இருந்தது. உதிர்ந்த இலைகளை எந்தக் கிழமையில் வாசலில் வைப்பது என்று இருந்தது. பொலிஸ் நிலையத்தின் படமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. ஆனால் புதிதாக வந்த ஆள் பொலிஸில் எப்போது பதியவேண்டும், எத்தனை படம் கொண்டுபோக வேண்டும், வீட்டுச் சொந்தக்காரர் கூட வரவேண்டுமா என்று எங்குமே இல்லை. நானும் சித்தியும் அகராதியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை தேடினோம்.

“மறந்துபோய் விட்டிட்டாங்கள் போல,” என்றேன். “சித்தி, நீங்கள் அங்கை கட்டாயம் கேளுங்கோ.”

“ஓம், அது முக்கியம்,” என்றார் சித்தி. “போய் இறங்கின பிறகு பிழை விடக்கூடாது.”

நேர்முகத்தன்று அப்பா லீவு போட்டார். கூட உள்ளே போக விடமாட்டார்கள் என்பதால் தூதரகம் இருந்த காலி வீதியின் எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றார். மத்தியானம் இருவரும் திரும்பினார்கள். சித்தி சேலையும் மாற்றாமல் சாப்பாட்டு மேசைக் கதிரையில் உட்கார்ந்தார்.

“என்னடி கேட்டவன்?” என்றார் அம்மா.

“அவரைப் பற்றிக் கேட்டான். என்ன சாப்பாடு விருப்பம் எண்டு கேட்டான். எனக்குத் தெரியாது எண்டன். போனில எப்பிடிக் கதைப்பார் எண்டான். ஆறுதலாக் கதைப்பார், நான் முடிக்குமட்டும் பொறுப்பார் எண்டன்.”

“ஊரைப் பற்றி?” இது நான்.

“ஒண்டும் கேக்கேல்லை.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“கடைசியில, ஏதாவது கேக்க இருக்கோ எண்டான்,” என்று சித்தி தொடர்ந்தார். “நான் கேட்டன். போய் எத்தினை நாளுக்குள்ள பொலிஸில பதியோணும், எத்தினை படம் வேணும் எண்டு.”

அம்மா தலையில் கை வைத்தார். “எடியே! அமெரிக்கன்காரனுக்கு முன்னால பொலிஸ் எண்ட சொல்லை எடுத்தனியோ? என்ன குற்றம் செய்திட்டு ஓடி வாறாளோ எண்டெல்லோ நினைப்பான்!”

“நீர் ஏன் அதைக் கேட்டனீர்?” என்றார் அப்பா. கோபமில்லை, களைப்பு. வெயிலில் நின்ற களைப்பு மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது.

“புத்தகத்தில இல்லை, அத்தான்.”

“அவன் என்ன சொன்னவன்?”

“மொழிபெயர்க்கிற பொம்பிளை முதல்ல என்னைப் பாத்தா. ‘இதைக் கேக்கட்டோ, தங்கச்சி?’ எண்டா. கேளுங்கோ எண்டன். கேட்டா. அவன் பேனையைக் கீழை வைச்சிட்டான். பிறகு ஒரு வசனம் சொன்னான். ‘ஒருத்தரிட்டையும் சொல்லத் தேவையில்லையாம், தங்கச்சி’ எண்டா. அவ்வளவுதான். போகச் சொல்லிட்டாங்கள்.”

அன்று வீட்டில் யாரும் நன்றாகச் சாப்பிடவில்லை. எல்லாம் முடிந்தது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். விசா போனதைவிட எனக்கு அந்த அதிகாரியின் பதில்தான் உறுத்தியது. ஒருவரிடமும் சொல்லாவிட்டால், யார் வந்தார் யார் போனார் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? இரவில் சுற்றிவளைப்பு வந்தால் சித்தி எதைக் காட்டுவார்? அந்த அதிகாரி டவுன்ஷிப்புக்கு ஒருநாளும் போயிருக்கமாட்டார் என்ற முடிவுக்கு வந்தேன்.

விசா கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று எவருக்கும் விளங்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போனார். சித்தி போகும் நாளில் அந்தப் புத்தகத்தை என்னிடமே கொடுத்தார். “எனக்குத்தான் பாடமே,” என்றார்.

சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அழைப்பு வந்தது. அங்கே காசு கொடுத்துத் தொலைபேசிக் கார்ட் வாங்கிப் பேசவேண்டும். பேசப் பேச நிமிடம் கரையும். அம்மா ரிசீவரைச் சற்று விலக்கிப் பிடிக்க, மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கேட்டோம்.

“அக்கா, ஒரு பகிடி கேளுங்கோ,” என்றார் சித்தி. “அவர் வேலைக்குப் போனாப் பிறகு நான் பொலிஸுக்குப் போனனான்.”

“என்னடி சொல்லுறாய்?”

“பாஸ்போட்டும் ரெண்டு படமும் கொண்டு நடந்து போனனான். ஒரு பொம்பிளைப் பொலிஸ் இருந்தா. குடுத்தன். முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தா. எனக்கு இங்கிலீஷ் வராது, அவவுக்கு விளங்கேல்லை. குடிக்கத் தண்ணி தந்தா. பிறகு பொலிஸ் காரில வைச்சு வீட்டை கொண்டுவந்து விட்டா. அவர் வந்து தெருவெல்லாம் தேடினவராம், பாவம்.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

“சித்தி, துண்டு தந்தவையோ?”

“என்ன துண்டு, குஞ்சு?”

“பதிவுத் துண்டு.”

“இல்லையே. படத்தையும் திருப்பித் தந்திட்டினம்.”

“அப்ப நீங்கள் திரும்பப் போகோணும். துண்டு இல்லாமல் இருக்கக்கூடாது. நான் சொல்லுறன்.”

மறுமுனையில் கடல் இரைவதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“ஓம், குஞ்சு,” என்றார் சித்தி. “போறன்.”

விடயம் ஒழுங்காகிவிட்ட திருப்தியோடு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைக் காதில் வைத்தார். பேசவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. அப்பா யன்னலருகே போய், கம்பியில் படிந்திருந்த உப்பை விரலால் சுரண்டிக்கொண்டு நின்றார். கார்ட் கரைந்துகொண்டிருக்கிறது, அக்காவும் தங்கையும் ஏன் இப்படி நிமிடங்களை வீணாக்குகிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது. அந்தத் தண்ணீர்த் தாங்கி என்ன நிறம் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.