அலையாத்தித் தேன்

1954, ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் மேல்காற்று, வெயில் கடுமை. எண்ணூரிலிருந்து ஆண்டுதோறும் தேன் கொண்டுவரும் பெண் வந்தாள். கையில் ஒரு புட்டி. முக்கால் அளவு தேன். மூடிக்குப் பதில் துணி கட்டியிருந்தது. தேன் வாங்கப்படவில்லை. என் மனைவி இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

நாங்கள் இராயபுரத்தில் ஒரு மாடியில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். என் மனைவி எண்ணூர் உப்பளத்தில் மேற்பார்வை செய்தவரின் மகள். திருமணத்துக்குப் பின் ஊரிலிருந்து அவள் கேட்டுப் பெற்ற பொருள் இந்தத் தேன் ஒன்றுதான்.

கழிமுகத்துச் சேற்றில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. இலையில் உப்புப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டும். கோடை முற்றி, சுற்றிலும் உப்புப் பாத்திகளே வெளுத்துக் கிடக்கும் நாட்களில், அந்தத் திட்டுகளில் பூப்பது அம்மரம் மட்டுமே. மிளகளவு மஞ்சள் பூ, பார்க்க அழகில்லை. கிளையில் சிறு கூடு கட்டும் கொம்புத்தேனீக்களுக்கு அப்போது வேறு போக்கிடம் கிடையாது. எனவே அந்தச் சில வாரங்களில் எடுக்கும் தேன் முழுவதும் ஒரே பூவினுடையது. மழை விழுந்து மற்றச் செடிகள் பூத்தால் அந்தத் தன்மை போய்விடும். அடையைப் பிழிவதில்லை, துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாகச் சொட்டுவதை மட்டும் எடுப்பார்கள்.

கெட்டியாக இருந்தால்தான் தேன் என்று நம்புகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள். இளம் பாகுபோல ஓடும். நீர் கலந்தது என்றே தோன்றும். அந்த நீர்மையால் விரைவில் நுரைக்கும். இறுக மூடினால் புட்டி வெடிக்கும். சூடு காட்டினால் நுரை அடங்கும்; கூடவே மணமும் அகன்றுவிடும். ஆகையால் அதைச் சேமித்து வைக்க வழியில்லை. வந்த பருவத்திலேயே உண்டு முடிக்க வேண்டும். எனக்கு என் மனைவி எப்போதும் பாலில் கலந்தே தருவாள். தனித்து அதன் சுவை என்ன என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அன்று படியேறும்போதே அந்தப் பெண் குரல் கொடுத்தாள்.

"யம்மா! தூங்கினு கீறியா இன்னா? வெயில்ல மண்டை காயுது, தண்ணி எட்தா!"

மூன்று மாதங்களாக அந்த வாசலில் என் மனைவியை எவரும் அழைத்ததில்லை. நான் எழுந்து சென்றேன்.

"இன்னா நைனா, நீ வர்ற? அம்மாவக் கூப்புடு. உன்கிட்ட குடுத்தா தேனா, சக்கரத் தண்ணியான்னு கண்ணாடிக் குயால்ல ஊத்திப் பாப்ப."

"பங்குனியில இறந்துட்டாங்கம்மா" என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

"போன வருசம் கல்லாட்டம் நின்னுகினு பேசுச்சே. ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா, நைனா?"

"உன் வீடு எனக்குத் தெரியாதும்மா."

"அதுக்குத் தெரியும்" என்றாள்.

புட்டிக்காகக் கை நீட்டினேன். என் மனைவிக்கென்று எடுக்கப்பட்ட தேன் அது. அவளுக்கென்று இனி எதுவும் வராது. வேறு எந்தப் பொருளையும் நான் அவ்வளவு விரும்பியதாக நினைவில்லை. அந்தப் பெண் புட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன், கோச்சிக்காத. சாவு வூட்டுக்கு மறுபூ, அடுத்த வருசப் பூ, வர்ற வரிக்கும் தேன் தர்றதில்ல. எங்க மாமியா காலத்துலேந்து அப்டித்தான். தந்தா தேன்பூச்சி அந்தத் திட்ட வுட்டே பூடும்."

"அவங்களுக்காக எடுத்ததுதானே?"

"அதாலதான் சொல்றேன்."

அவள் எழுந்தாள், இரண்டு படி இறங்கினாள், நின்றாள்.

"கைய நீட்டு."

"தரக்கூடாதுன்னு சொன்னியே?"

"விலை பேசறதுக்கு முன்ன கையில ஊத்தறது தர்றதுல சேராது. அது ருசி பாக்கறது. அம்மா வருசா வருசம் இங்கதான் நின்னு பாக்கும். நீ உள்ள குந்தினு பொஸ்தகம் பாத்துகினு இருப்ப. நீட்டு நைனா, ஒழுவப் போவுது."

உள்ளங்கையில் சிறிதளவு ஊற்றினாள். முதலில் வந்தது இனிப்பு. அதுவும் மெல்லியது, நாவில் தங்காதது. அடுத்து ஈரமரத்தின் மணம். எல்லாம் அடங்கிய பின், தொண்டைக்கு அருகில், மிகச் சன்னமாக உப்பு.

"எப்டி கீது?"

"கடைசியில உப்பு தெரியுது."

"அதத்தான் அதுவும் சொல்லும். 'உப்பு இருக்குடி, எங்க அப்பா வூட்டுதுதான்'னு சொல்லிச் சிரிக்கும். அதுக்கப்புறம்தான் விலையே பேசும்."

என் மனைவி அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை. சில அடி தொலைவில், சுவருக்கு அப்பால், அத்தனை ஆண்டுகளும் இருந்திருக்கிறேன்.

"மறுபூவுக்கு வரேன். வூட்லயே இரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் இறங்கிப் போனாள். அப்பால் வேறு வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டேன்.

அன்று மாலை, செய்யாமல் விட்டவற்றை எண்ணிப் பார்த்தேன்:

அலையாத்தி பூத்திருக்கும்போது ஒருமுறை எண்ணூருக்குச் செல்வது.

அந்தப் பெண்ணின் வீடு எங்கே என்று கேட்டு வைப்பது.

என் மனைவிக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதவர்கள் இன்னும் எவரெவர் என்று விசாரிப்பது; அவள் இறந்ததை அவர்களுக்குச் சொல்லி அனுப்புவது.