மேலே போனால் அவுட்

என் மகள் பெண்பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு ஒத்தாசையாக இருந்தவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டாள். "நீ வந்து உக்காந்து பந்தை மட்டும் தூக்கிப் போடும்மா, யார்கிட்டயும் பேசக்கூட வேணாம்" என்றாள். பேச வேண்டாம் என்று சொன்னதால்தான் ஒப்புக்கொண்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் எழாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். விடிந்ததும் போய்விடுவோம். ஓரத்தில் ஒரு வலை கட்டியிருக்கும். வலையைப் பார்த்து ஒரு பெண் பேட்டோடு நிற்பாள். அவளுக்குச் சாய்வாக, கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் ஸ்டூலில் நான் உட்காருவேன். பக்கத்தில் பக்கெட் நிறையப் பந்து. ஒவ்வொன்றாக எடுத்து அவள் இடுப்பு உயரத்துக்கு மெதுவாகப் போட வேண்டும், அவள் வலைக்குள் அடிக்க வேண்டும். இதற்கு டாஸ் என்று பேர். முதல் நாள் பேட் சுழன்ற சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அதோடு எனக்கு டாஸ் ஆயா என்று பேரும் வைத்தார்கள். போகப் போகப் பழகிவிட்டது. ஒரே உயரத்துக்கு, ஒரே வேகத்தில் போடுகிறேன் என்று மகள் சொன்னாள். யாராவது என்னைப் பாராட்டினால் எங்கே பார்ப்பதென்று தெரியாது எனக்கு. பக்கெட்டைப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். அதை மறக்கடிப்பதே மகளுக்குப் பாதி வேலை. பேஸ்பாலில் பந்தை அடித்ததும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். இவர்கள் பேட்டோடு ஓடுவார்கள். ஒரு பெண் ஒரு மேட்சில் ஓடிப்போய், முதல் பேஸ் என்கிற சதுரத் திண்டைக் காலால் மிதிக்காமல் பேட்டை நீட்டித் தொட்டுவிட்டு நின்றாள். அவுட் கொடுத்தார்கள். "நல்லா தொட்டேன் சார், கோடு உள்ளதான் சார்" என்று அம்பயரிடம் வெகுநேரம் சண்டை போட்டாள். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறொரு பெண்ணைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். காலையில் எனக்கு முன்னாலேயே வந்து என் ஸ்டூலில் படிந்திருக்கும் பனியைத் துணியால் துடைத்து வைத்திருப்பாள். நான் வந்து உட்கார்ந்ததும் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே எனக்கு அவளோடுதான் ஒட்டுதல்.

அவள் கண் அபாரம். எப்படிப் போட்டாலும் பந்து பேட்டில் படும். ஆனால் பட்ட பந்தெல்லாம் தரையோடு உருண்டு போகும். எதிரில் நிற்பவர்கள் குனிந்து எடுத்து எறிந்து அவளை அவுட்டாக்கிவிடுவார்கள். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பின்னாலேயே கை வர வேண்டும், பேட் முழுசாகச் சுற்றித் தோளுக்குப் போக வேண்டும். இவளுக்குப் பந்து பட்ட உடனே கை நின்றுவிடும். "பஸ் டிரைவர் மாதிரி நடுவுல பிரேக் போடுறியே" என்பாள் மகள். கால் வைப்பதை மாற்றினாள், பிடியை மாற்றினாள், இடுப்பைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

மனசுக்கும் ஒரு பயிற்சி வைத்திருந்தாள் மகள். ஒரு பந்து சரியாகப் போகவில்லை என்றால் நிற்கிற கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே வர வேண்டும். பேட்டில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். மூச்சை நீளமாக விட வேண்டும். போன பந்தை அதோடு ஊதித் தள்ளிவிட்டு உள்ளே வர வேண்டும். இந்த ஆட்டத்தில் பெரிய ஆட்டக்காரர்களே நிறையத் தடவை அவுட்டாகிறவர்கள்தான் என்று தினமும் சொல்லுவாள். அந்தப் பெண் சொன்னபடி வெளியே வருவாள், புள்ளியைப் பார்ப்பாள். மூச்சை மட்டும் விடமாட்டாள். உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு திரும்பி வருவாள். நான் பக்கத்தில் இருப்பதால் எனக்குத் தெரியும். அவளோடு சேர்ந்து நானும் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒரு நாள் காலையில் அவள் அம்மா மைதானத்துக்கு வந்தாள். மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை அவளுக்கு. வேலைக்குப் போகிற வழியில் வந்ததால் கேட்டுக்குள் வராமல் அங்கேயே நின்று என் மகளிடம் பேசினாள். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் அவர்கள் தெருக்காரராம். பரீட்சை முடிந்ததும் பெண்ணைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். மகள் விடவில்லை. மாவட்ட டீமில் எடுத்துவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜில் இடம் கிடைக்க வழி இருக்கிறது, அதற்கு ஆள் எடுப்பது அடுத்த வாரம்தான், அதுவரைக்கும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

"சரி மிஸ், இந்த ஒரு தபா பாக்கறேன். டீமுல வரலன்னா கடைக்கி அனுப்பிடுவேன். எனக்கு வேற வயி தெரில" என்றாள் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. முகம் வாடித்தான் சொன்னாள்.

பெண் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்திருந்தாள். கட்டின கயிற்றையே அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் டாஸில்கூடப் பந்து படவில்லை. என் கைதான் ஆடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகளிடம் கேட்டேன். "உன்மேல தப்பில்லம்மா, எம்மேலதான். இவளுக்கு என்னன்னே எனக்குப் புரியல" என்று சொல்லி, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பெண் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வருவோம் என்று கிளம்பினாள் மகள். கூட நானும் போனேன். கால்வாய்ப் பக்கம் ஒரு சந்து. இரண்டு பக்கமும் வாசல்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருக்கும். நடுவில் தண்ணீர் டிரம்கள், காயப்போட்ட துணிகள். அதற்குள்ளே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்தான் பேட் பிடித்திருந்தாள், நைட்டிக்குக் கீழே டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு. எங்களை அவள் பார்க்கவில்லை. பந்து வந்தது. அழகாகத் தட்டினாள். டிரம்களுக்கு நடுவில் எதிலும் படாமல் தரையோடு ஓடி, சந்துக் கோடியில் குழாயடி வரைக்கும் போய் நின்றது. கைதட்டல். மைதானத்தில் ஒரு நாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து ஒரு குட்டிப் பெண் பேட்டை வாங்கினாள். ஓங்கி ஒன்று விட்டாள். பந்து மேலே எழும்பிக் கூரை ஷீட்டில் டம்மென்று விழுந்தது. சந்தே ஒரே குரலில் அவுட் என்றது. குட்டிப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் பேட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

மகள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் ஏன் அவுட் என்று கேட்டாள்.

"மேல போனா அவுட்டு மிஸ். வூட்டுக்குள்ள வுயுந்தா அவுட்டு, பந்தையும் திருப்பிக் குடுக்கமாட்டாங்க. மாடி வூட்டு அக்கா நாள் பூரா திட்டிக்கினே இருக்கும்."

இதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். நான் வளர்ந்த தெருவிலும் உண்டு. ஆனாலும் எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "இத்தனை மாசமா அவ இடுப்பைத் திருப்பிக்கிட்டு இருந்தேனேம்மா" என்றாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவளுக்கே தெரியவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் ஆடுகிறாள். பந்து பட்டதும் கையை நிறுத்திக்கொள்வது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் எங்களை எல்லாம் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு அழைத்துப்போனாள் மகள். பழைய பந்துகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டோம். மணலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அங்கே கூரை கிடையாது, சுவர் கிடையாது, எதிரில் கடல். மற்றப் பிள்ளைகள் பந்து பொறுக்கத் தூரத்தில் பரவி நின்றார்கள். "மேல அடி. எவ்வளவு மேல போனாலும் சரி, கீழ மட்டும் போகக் கூடாது" என்றாள் மகள்.

முதல் சில பந்துகள் பழையபடியே மணலில் போய்ச் செருகின. நான் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் என்னவோ தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. அங்கே இல்லாத மாடியைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. "இங்க திட்டறதுக்கு யாரும் இல்லம்மா" என்றேன். என் குரலைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிக்கும்போதே மூச்சும் வெளியே வந்தது.

அடுத்த பந்தை முழுசாக வீசினாள். பந்து எழும்பி, வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் போய், எங்கேயோ விழுந்தது. ஒரு நாய் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. அவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. நான் அடுத்த பந்தைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். போட்டேன்.

ஆள் எடுக்கும் நாளன்று அடையாறு பக்கம் ஒரு காலேஜ் மைதானத்துக்குப் போனோம். இரண்டு டீமாகப் பிரித்து ஆட விட்டு, அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்தப் பெண்ணின் அம்மா மெஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வேப்பமரத்தடிச் சிமென்ட் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த ஆட்டத்தை அவள் பார்த்ததே இல்லை.

முதல் முறை பெண் மூன்று தடவை வீசினாள். மூன்றும் முழு வீச்சு. ஒன்றுகூடப் படவில்லை. மூன்று தப்பினால் அவுட்.

"இன்னாமா இது, எங்க தெருவுல எப்பவும் படும், இன்னிக்கி படவே இல்லியே" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டாள். பட்டு உருளுவதைவிட இப்படி வீசித் தப்புவது நல்லது என்று எப்படி விளக்குவது? "நல்லா வீசறாம்மா" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

திரும்ப அவள் முறை வந்தது. முதல் பந்து தப்பியது. கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள், பேட்டைப் பார்த்தாள். அவள் தோள் மெல்ல இறங்கியது. அத்தனை தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது, மூச்சை விட்டுவிட்டாள். உள்ளே போனாள்.

அடுத்த பந்தை அடித்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து எல்லோர் தலைக்கும் மேலே ஏறி, இடப்பக்கத்துச் சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த வீடுகளுக்கு நடுவில் போய் விழுந்தது.

அவள் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "யார் வூட்ல வுயுந்துச்சோ தெரிலியே" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள், போய் மன்னிப்புக் கேட்பதற்கு. அங்கே அவள் பெண்ணும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். பேட்டைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்று அம்பயர் கூப்பிட்டார். அந்தப் பக்கம் சுவர் கிட்டத்தில் இருப்பதால், தாண்டினால் இரண்டாவது பேஸ் வரை போகலாம் என்று ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசி வைத்திருந்தார்கள். அவள் நின்று என் மகளைப் பார்த்தாள். மகள் இரண்டு விரலைக் காட்டினாள். அவள் திரும்பி வந்தாள். கீழே வைத்த பேட்டை எடுத்துக்கொண்டு, முதல் பேஸை மிதித்து, இரண்டாவது பேஸுக்கு ஓடினாள். போய் நின்ற பிறகுதான் கையில் பேட் இருப்பதைப் பார்த்தாள். மைதானம் முழுக்கச் சிரித்தது. அவளும் பேட்டை மார்போடு கட்டிக்கொண்டு சிரித்தாள்.

அவள் அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"அவுட்டு இல்லியா?"

"இல்லம்மா."

"வூட்டுக்குள்ள பூட்ச்சேம்மா."

"இதுல அதான் நல்லதாம்."

அவள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, "மேல அட்ச்சதுக்கு எத்தினி தபா இது முதுவுல ரெண்டு போட்டுக்கீறேன் தெரியுமா" என்றாள். பிடித்திருந்த கையை விடாமல் இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல், எடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். அவளைக் கடைசியில்தான் கூப்பிட்டார்கள். அங்கே நிற்பவர்கள் எடுத்தவர்களா கழித்தவர்களா என்று அவள் அம்மாவுக்குப் புரியவில்லை. எடுத்தவர்கள் என்று நான்தான் சொன்னேன்.

அந்த அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். ஜவுளிக்கடைக்காரரிடம் பேசுகிறாள் என்று தெரிந்தது. "இல்லண்ணா, அது இப்ப வராது. பந்து ஆடப் போவுது" என்றாள். எதிர்முனையில் அவர் என்ன கேட்டாரோ. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா" என்றாள். "நல்லா ஆடுதாம்."