யாங்குவுக்குக் கொடுத்த ஸ்பீக்கர்

இது நடந்தது. அந்த விருந்தில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் இன்னும் இந்த மலையடியில்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு என்ன சத்தம் கேட்டது என்று கேட்டுப் பாருங்கள், மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

பெர்சிதாவின் புருஷன் யாங்குவுக்கு அன்று நாற்பதாம் நாள். பரண் ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து செத்தான் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஏணிக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் பெர்சிதாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். வியன்னாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகன் த்ரைலோ, அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியால் அப்பனின் பின்மண்டையில் போட்டான். விருந்து நல்லபடியாக முடிந்தால் திங்கட்கிழமை அவன் பஸ் ஏறிவிடுவான். அந்த பஸ் கிளம்பினால் போதும் பெர்சிதாவுக்கு.

யாங்குவைப் பழத்தோட்டத்துச் சிமெண்ட் கல்லறையில் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சவப்பெட்டிக்குள் அவனுடைய சிகரெட், பிளம் சாராயம், செல்போன். எங்கள் பக்கம் அப்படித்தான் அனுப்புவோம். புதைத்த அன்று சாயங்காலமே பெர்சிதாவின் செல்போனில் அவன் பெயர் வந்தது. செத்தவர் கூப்பிட்டால் நாற்பது நாளைக்குக் குரல் கொடுக்கக் கூடாது. அவள் எடுக்கவில்லை. செல்போனை மாவு டப்பாவுக்குள் அமுக்கி மூடினாள். மகனிடமும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் செத்தவருக்குப் பாட்டும் ஆட்டமும் கொடுக்க வேண்டும். இது இன்னாருக்கு என்று வாய்விட்டுச் சொன்னால் அது அவரைப் போய்ச் சேரும். பேண்டுக்காரர்களைக் கூப்பிட த்ரைலோவுக்குப் பயம்.

"குடிச்சிட்டு, உங்கப்பன் எப்படிடா விழுந்தான்னு நோண்டுவானுங்கம்மா. என் செல்போன்லேருந்தே போட்டுடுறேன்."

கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு நின்றன, த்ரைலோ வியன்னாவிலிருந்து கொண்டுவந்தவை. செல்போனைத் தொட்டால் போதும், ஒயரில்லாமல் பாடும். யாருடைய செல்போன் சேர்ந்ததென்று ஒரு பெண்குரல் பெயரும் சொல்லும். யாங்கு தினமும் முழுச் சத்தத்தில் பாட்டு வைத்துவிட்டுத்தான் பெல்ட்டைக் கழற்றுவான். பக்கத்து வீட்டுக்குப் பாட்டு மட்டுமே கேட்கும்.

மதியம் பந்தி நிறைந்தது. பெர்சிதா மெழுகுவத்தி ஏந்தி முன்னால் நின்றாள். அந்த ஸ்பீக்கர்கள் வீட்டில் இருப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் வழக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள்.

"இந்தப் பாட்டும் இந்த ஸ்பீக்கரும் யாங்குவுக்கு."

பக்கத்து வீட்டுக் கிழவர் த்ரகுட்சா அவள் முழங்கையைப் பிடித்தார்.

"பாட்டை மட்டும்தான் கொடுக்கணும் பெர்சிதா. ஸ்பீக்கரைக் கொடுத்தா அது அவன் கைக்குப் போயிடும்."

"போகட்டுமே. வாங்கிக்கிட்டுத் தொலையட்டும்."

ஆட்டம் தொடங்கியது. வட்டம் ஒரு சுற்று வந்தது.

பாட்டு நின்றது.

"யாங்குவின் செல்போன் சேர்ந்தது," என்றது பெண்குரல்.

யாரோ சிரித்தார்கள். பழைய பெயர் அதற்குள் பதிந்திருக்கிறது என்று த்ரைலோ சமாளித்தான்.

ஸ்பீக்கரில் மூச்சு... பிறகு சரக்... சரக்... மரத்தில் நகம்.

த்ரைலோ பிளக்கைப் பிடுங்கினான்.

சரக்... சரக்...

டொம். டொம். கை முட்டியால் பலகையில் இடிக்கிற சத்தம். மேஜையில் தட்டுகள் அதிர்ந்தன. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

த்ரைலோ அதே கம்பியை எடுத்தான். வலது ஸ்பீக்கரை அடித்தான். மறுபடி அடித்தான். கண்மண் தெரியாமல் அடித்தான். மரம் பிளந்தது. சிம்பு தெறித்து அவன் கன்னம் கிழிந்தது. உள்ளங்கை பிய்ந்து ரத்தம் கம்பியில் வழிந்தது.

"சாவு... இப்பவாவது சாவுடா..."

பந்தி முழுக்கக் கேட்டது.

அவன் நிறுத்தினான்.

கிழிந்த ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஓர் இருமல்.

"பெர்சிதா..."

யாங்குவின் குரல்.

"...எடுடி."

மெழுகுவத்தி கீழே விழுந்தது.

அதன்பின் ஒன்றும் இல்லை.

மகன் கத்தியதை ஊரே கேட்டுவிட்டது. மறுநாள் போலீஸ் வந்து கல்லறையைத் திறந்தது. சவப்பெட்டி மூடியின் உள்பக்கம் முழுக்கக் கீறல். விரல்களில் நகமே இல்லை. கை முட்டி எலும்புகள் உடைந்திருந்தன. தலையில் விழுந்த அடியால் அவன் சாகவில்லை, மூச்சு முட்டித்தான் செத்தான் என்றார் மருத்துவர். கைக்குள் இறுகியிருந்த செல்போன் முதல் வாரத்திலேயே தண்ணீர் இறங்கிப் பாழாகியிருந்தது. நாற்பதாம் நாள் அதிலிருந்து எதுவும் வந்திருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

த்ரைலோவுக்கு விலங்கு மாட்டும்போது பெர்சிதா உள்ளே போனாள். மாவு டப்பாவைத் திறந்து தன் செல்போனை எடுத்துத் துடைத்தாள். அதிகாரியின் கையில் வைத்தாள்.

"சார்ஜ் போட்டுப் பாருங்க. எத்தனை தடவை கூப்பிட்டிருக்கான்னு தெரியும். எடுக்காதது நான். என் பிள்ளை கொல்லல."

சார்ஜ் போட்டார்கள். திரை முழுக்க யாங்குவின் பெயர்.

எல்லாம் புதைத்த அன்றும் மறுநாளும் வந்தவை. ஒன்றைத் தவிர. அது விருந்தன்று மதியம், மூடிய டப்பாவுக்குள் செல்போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தபோது வந்திருந்தது.

அதை யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.