நன்றாகப் பதில் சொன்ன அம்மா

சைக்காலஜி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவனுக்கு ஊரில் இரண்டு பெயர்தான் உண்டு: மனசைப் படிப்பவன், இல்லையென்றால் மனசு சரியில்லாதவன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாடிகளே, நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும்.

கல்யாணப் பந்தியில்

பூதப்பாண்டியில் ஒரு கல்யாணம். நான் என்ன வாத்தியார் என்று பக்கத்து இலைக்காரர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதோடு போயிற்று என் சாப்பாடு. தன் மனதில் இப்போது என்ன ஓடுகிறது என்று சொல்லச் சொன்னார். எங்கள் படிப்பு அப்படியில்லை என்றேன், ஆள் விடவில்லை. கடைசியில், பிரதமன் பாயசம் இன்னொரு தடவை எப்போது வரும் என்று நினைக்கிறீர்கள் என்றேன். சரியாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"அத எங்க வீட்டுப் பூனையும் சொல்லும். இதுக்கா ஓய் காலேஜ்ல சம்பளம் தாறான்?"

சேர்க்கை நாளில்

சுபா இரணியலிலிருந்து தாய்மாமாவோடு வந்தாள். மாமா வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர். நர்சிங் படித்தால் விசா கிடைக்கும், இதைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். பள்ளிக்கூட ஆலோசகர், கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவு, ஆராய்ச்சி என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமென்றால் இந்தப் பட்டம் மட்டும் போதாது, மேலே படிக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. மாமா உதட்டைப் பிதுக்கினார்.

சுபாவுக்கு வேண்டியது வேறு. அப்பா முன்பே தவறிவிட்டார். அண்ணனும் பைக் விபத்தில் போனதிலிருந்து அம்மா வாயே திறப்பதில்லை. வீட்டில் மிச்சம் இவர்கள் இருவர்தான். மாமா போன் பேச வெளியே போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மை ஒருத்தர்ட்டயும் மிண்டமாட்டா சார். இது படிச்சா மிண்ட வச்சிரலாமா?"

சப்ஜெக்ட் பிடிக்கும் படலம்

நம் செய்முறைத் தேர்வின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? வேதியியல் மாணவனுக்கு உப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் ஆளைக் கொண்டுவர வேண்டும். கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல வரும் அந்த ஆளுக்குப் பெயர் சப்ஜெக்ட். புரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து பக்கத்து வீட்டு அக்காவை இழுத்து வருவார்கள்.

சுபா தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். அதற்கு முன் வீட்டில் வாராவாரம் அதே கேள்விகளைக் கேட்டுப் பழகியிருக்கிறாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா என்கிற கேள்விகள்தான். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்ற அம்மா, போகப்போக உண்டு என்று சொல்ல ஆரம்பித்தாராம். சுபா என்னிடம் வந்து அம்மாவுக்குச் சுகமாகிறது என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. தேர்வன்று அந்த அம்மா துவைத்த சேலையில் நேராக உட்கார்ந்து கணீரென்று பதில் சொன்னார். அருமையாகச் சொன்னீர்கள் என்று பாராட்டினேன்.

"பிள்ளை ஆசையா கேக்கும்போ நல்லதாத்தானே சார் சொல்லணும்."

டாக்டர் முன்னால்

ஆறேழு வாரம் கழித்து அந்த அம்மா அடுக்களையில் மயங்கி விழுந்தார். மகள் பரிமாறிவிட்டுப் போன சோற்றையெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்த பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். தனியாகப் போகப் பயந்து சுபா என்னையும் கூப்பிட்டாள்.

தூக்கம் வருகிறதா என்று டாக்டர் கேட்டார். நல்லா வருது என்றார் அம்மா. டாக்டர் அடுத்து, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றார். "மூணு நேரமும் பசிக்கு" என்று பதில் வந்தது. அவர் வேறு எதையோ கேட்க வாயெடுத்தார். "ஆசையெல்லாம் உண்டு" என்றார் அம்மா. எங்கள் கேள்வித்தாளின் வரிசை அது. சுபாவும் புரிந்துகொண்டாள், அம்மாவின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் மகன் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா மகன் பெயரைச் சொல்லவில்லை. மகளைக் காட்டித்தான் பேசினார்.

"உள்ளதச் சொன்னா இவளுக்க மொகம் வாடிப்போவும் டாக்டரே. இருக்கது இவ ஒருத்திதானே."

மேற்படிப்பு

சுபாவுக்குச் சென்னையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. அவள் போகவில்லை. தக்கலையில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறாள், அம்மாவை மாத்திரைக்குக் கூட்டிப் போகிறாள். அம்மா முன்போலவே அதிகம் பேசுவதில்லை. ஆனால் மகளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறார். மறுபடி படிக்க வருகிறாயா என்று போன வாரம் கடையில் வைத்துக் கேட்டேன். போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

"வேண்டாம் சார். இப்ப நான் அம்மைட்ட ஒண்ணும் கேக்கதில்ல, பக்கத்துல இருந்து திங்கேன்."

மனசை அளக்க நம்மிடம் எத்தனையோ கேள்வித்தாள் இருக்கிறது சகபாடிகளே, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் எழுதும் தாய்க்கு மட்டும் அதில் எப்போதும் முழு மார்க்தான்.