ஜப்பானில் 'ஹஹா' என்றால் அம்மா

அழுகின முட்டை மணம்... முதலில் வந்தது அதுதான்.

பஸ் கதவு திறந்ததும், மலையையும் பனியையும் விடுதியையும் முந்திக்கொண்டு அந்தக் கந்தக நெடி மூக்குக்குள் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு போத்தலை மொன்றியல் மெட்ரோவுக்குள் திறந்திருந்தால் பச்சை லைன் சனம் முழுவதும் இறங்கி ஒன்ராறியோ எல்லைவரை ஓடியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டவுன்டவுனில் படிப்பு, அங்கேயே ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவல். அந்தக் காலத்தில் மொன்றியலில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேரின் கோப்பை இந்தத் திருக்கரம் பட்டுத்தான் சுத்தமானது. மீதிப் பாதி நேசனின் கை. நேசன் திருகோணமலைக்காரன், என் அறைக்கூட்டாளி. பிரெஞ்சுக்கே வளையாத நாக்கை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டுபேரும் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம்... ஜனவரியில் அந்த வகுப்பறை ஹீற்றர்தான் ஒழுங்காக வேலை செய்தது.

நாலாம் பாடத்தில் 'ஹஹா' வந்தது. தன் அம்மாவைப் பற்றி வெளியாட்களிடம் சொல்லும்போது ஜப்பான்காரர் 'ஹஹா' என்பார்களாம்.

"டேய், தாயைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறாங்களடா," என்றான் நேசன். "எங்கடை அம்மாவுக்குத் தெரிஞ்சால் அகப்பைக் காம்பாலை தருவா."

அடுத்த குளிர்காலம் வகுப்பே ஜப்பானுக்குப் புறப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான் நேசனின் அம்மா ஊரில் காலமாகிவிட்டா.

அவனுடைய புதுக் கனடா பாஸ்போர்ட் பெட்டிக்குள் மினுங்கியது. உலகம் முழுக்கப் போகலாம். திருகோணமலைக்கு மட்டும் போகமுடியாது. அங்கே சண்டை.

"வராதை தம்பி," என்றார் அவனுடைய அண்ணன், போனில். "வழியிலை உன்னைப் பிடிச்சால் வீட்டிலை ரெண்டு செத்தவீடு."

நேசன் கடைக்குட்டி. தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன். அது தவறிப்போனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியாவது செய்யலாமென்றால், அவர்கள் பக்கத்தில் அதற்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகவேண்டும். பிண்டம் வைத்து அந்தச் சுடுதண்ணீரில் முழுகினால்தான் பிள்ளைக்கு மனம் ஆறும். அந்தப் பாதையும் பூட்டு.

அறைக்குள் தனியே விட்டால் சுவரோடு கதைப்பான் என்று நான்தான் அவனை ஜப்பானுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

விடுதியில் குளிக்கும் தடாகம் வெளியே, பாறைகளுக்கு நடுவே. உடுப்போடு இறங்கக்கூடாது, தண்ணீரில் துவாய்கூடப் படக்கூடாது என்று சட்டம்.

"பிறந்தமேனியோடையோ?" நேசன் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "கிணத்தடியிலை தனியக் குளிச்சாலும் சாரம் அவிழ்க்காத பரம்பரை மச்சான் நாங்கள்!"

நான் ஆவியை உடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அந்தச் சூட்டில் எனக்கு முந்திய ஏழு தலைமுறையும் அவிந்தது. நேசன் கரையில் குந்தியிருந்து தண்ணீரில் கையை மட்டும் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"கன்னியாத் தண்ணி மாதிரியே கிடக்கு," என்றான்.

இரவுச் சாப்பாட்டில் ஒட்டிப்பிடிக்கிற சோறு, மேலே கறுத்த எள்ளு. நேசன் ஒரு கைப்பிடியை உருட்டிக் கடதாசியில் சுற்றினான்.

"என்ன ராசா, விடியப் பசிக்குமோ?" என்றேன்.

"பிண்டம் பிடிக்கவெண்டே அவிச்ச சோறு மச்சான். எள்ளும் அவங்களே போட்டு வைச்சிருக்கிறாங்கள்..."

உலகத்தில் எதற்கும் பகிடி விடுகிற வாய் என்னுடையது. அன்றைக்கு அது ஒரு தேவாரத்தை நினைவுபடுத்திப் பார்த்தது.

விடியற்காலை. பனி தூவிக்கொண்டிருந்தது. சாரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நேசன். கரையில் சர்வதேச மகா குருக்களாக நான், பாதி தெரிந்த ஒரு தேவாரத்தோடு. உருண்டையைத் தண்ணீரில் விட்டு, "அம்மா..." என்றபடி முழுகினான்.

எழும்பியபோது விடுதிக்காரக் கிழவர் நின்றார். பக்கத்தில் எங்கள் பயணத் தலைவன். வகுப்புத்தோழன்தான், மூன்றாம் பாடத்தைத் தாண்டாத மகான். பின்னால் துவாயும் கையுமாக மற்றவர்கள். தண்ணீரில் சோறும் எள்ளும் மிதந்தன.

கிழவர் குனிந்தார். அடைப்பைக் கழற்றினார். தண்ணீர் இறங்கியது. வேலைக்காரர் ஒருவர் விளக்குமாற்றோடு இறங்கி, சோற்றைத் துவாரத்தை நோக்கித் தள்ளத் தொடங்கினார்.

"ஏன் செய்தாய்? அவருக்குச் சொல்லு!" என்று பிரெஞ்சில் கத்தினான் தலைவன்.

ஈரச் சாரத்தோடு நடுங்கிக்கொண்டு நேசன் தன் ஜப்பான் மொழி முழுவதையும் கிளறினான். சாவுக்குச் சொல் இல்லை. பிண்டத்துக்குச் சொல் இல்லை. ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

"ஹஹா..." என்றான். பிறகும், "ஹஹா."

"சிரிக்கிறாயா? இதில் என்ன சிரிப்பு?" என்றான் தலைவன். பின்னால் நின்றவர்களுக்கும் அந்தப் பாடம் மறந்துபோயிருக்கவேண்டும், உண்மையாகவே சிரித்தார்கள்.

கிழவருக்கு மட்டும் விளங்கியது. சட்டென்று திரும்பி, விளக்குமாற்றை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். அதற்குள் எல்லாம் துவாரத்துக்குள் போய்விட்டது.

நான் எனக்குத் தெரிந்த அத்தனை மொழியிலும் தலைவனுக்கு விளங்கப்படுத்தினேன். "சட்டம் சட்டம்தான்," என்று எங்கள் இரண்டுபேருக்கும் குளிக்கத் தடை போட்டான். மிச்ச நாட்கள் முழுவதும் எல்லாரும் குளித்தார்கள். நாங்கள் பஸ்ஸுக்குள் இருந்தோம்... அந்த மணத்தோடு.

இப்போது நேசன் மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் பெரிய வீட்டுக்காரன். மகன் பின்வளவில் ஹொட் டப் வைத்திருக்கிறான். பனிக்குள் பேரப்பிள்ளைகள் அதில் கும்மாளம். நேசன் கால்விரல்கூட நனைப்பதில்லை. ஊருக்குப் பாதையும் திறந்து கனகாலம்.

"ஒருக்காக் கன்னியாவுக்குப் போட்டு வாவன்ரா," என்றேன் போன கோடையில்.

"ஆருக்குச் செய்ய? அம்மாவை நான் ஜப்பானிலை அழுக்குத்தண்ணிக் கானுக்குள்ளை விட்டிட்டன்."

இதைப் பேஸ்புக்கில் எழுதட்டுமா என்று நேற்று அவனிடம் போனில் கேட்டேன்.

"எழுது," என்றான். "எப்பிடியும் கீழை எல்லாரும் 'ஹஹா' எண்டுதானே போடுவினம்."